ஈயக்குண்டுக்குப் பொய் தெரியாது

2001 மார்ச் 16 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான எல்லை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கத்தார் கரையை உரசினாற்போல் கிடக்கும் ஹவார் தீவுகள் பஹ்ரைனுக்குப் போயின. 12 நீதிபதிகள் அதை ஆதரித்தார்கள், 5 பேர் எதிர்த்தார்கள். எண்ணிக்கையைவிட, தீர்ப்பு நிற்கும் அடித்தளம்தான் கவனிக்க வேண்டியது. அந்தத் தீவுகளை யார் ஆண்டார்கள், யார் அங்கே மீன் பிடித்தார்கள் என்பதை எடைபோட்டு நீதிமன்றம் இந்த முடிவுக்கு வரவில்லை. 1939 ஜூலை 11 அன்று பாரசீக வளைகுடாவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (அரசியல் பிரதிநிதி) எழுதியனுப்பிய முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், முடிவெடுக்கும் பொறுப்பை இரு ஷேக்குகளும் பிரிட்டனிடம் ஒப்படைத்திருந்தார்கள் என்றது, அவ்வளவுதான். எண்ணெய்க் கம்பெனிகள் ஒப்பந்தத்துக்காக வாசலில் காத்திருந்த நேரத்தில் எழுதிய கடிதம் ஒன்று 62 ஆண்டுகள் கழித்து எல்லைக்கல் ஆகிவிட்டது. அப்படியானால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்த தகவல் எப்படித் திரண்டது, எதற்காகத் திரண்டது என்பது இன்றைய கேள்வியும்தான்.

உளவு என்றதும் மாறுவேடமும் ரகசிய மையும் நினைவுக்கு வரும். இரு உலகப் போர்களுக்கு இடையிலான வளைகுடாவில் உளவு என்பது பெரும்பாலும் எழுத்தர் வேலை. பூஷெர் துறைமுகத்தில் ரெசிடென்ட். பஹ்ரைன், குவைத், மஸ்கட்டில் அவருக்குக் கீழ் அதிகாரிகள். கடலில் சில சிறிய போர்க்கப்பல்கள், அவற்றுக்கு ஒரு மூத்த கடற்படை அதிகாரி. எந்தப் படகு எங்கிருந்து வந்தது, எந்த ஷேக்குக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கிணற்றில் தண்ணீர் கரிக்கிறது, யார் துப்பாக்கி கடத்துகிறார் என்பதெல்லாம் தவறாமல் எழுதப்பட்டன. ஜே. ஜி. லோரிமர் தொகுத்த வளைகுடா விவரத் திரட்டு 1908இலும் 1915இலும் ரகசியப் பதிப்பாக வந்து மேசையில் தயாராக இருந்தது. வீடுகளையும் பேரீச்ச மரங்களையும்கூட எண்ணி வைத்த நூல் அது. 1933இலும் 1939இலும் இந்திய ராணுவத் தலைமையகம் அரபுக் கரைக்கென்று தனி அறிக்கைகள் தயாரித்தது. இத்தனை அக்கறைக்குக் காரணம் எளிது. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியிருந்தது. அபாதான் சுத்திகரிப்பு ஆலையை நடத்திய ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியில் பிரிட்டிஷ் அரசு 1914இலேயே பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டது. 1932இல் இந்தியாவுக்கான விமானப் பாதை பாரசீகக் கரையை விட்டு ஷார்ஜா பக்கம் மாறியது. அதே ஆண்டு பாரசீக மன்னர் ரேஸா ஷாவின் புதிய கடற்படை, இத்தாலியில் கட்டிய கப்பல்களோடு வந்து சேர்ந்தது. மறு ஆண்டே பஸீது என்ற இடத்தில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியது. ஹெஞ்சம் தீவிலிருந்த தளத்தை 1935இல் பிரிட்டன் பஹ்ரைனின் ஜுஃபைருக்கு மாற்றிக்கொண்டது.

இந்த ஆவணக் குவியலில் இரண்டு வகை அறிவு கலந்து கிடக்கிறது. ஒன்று, கடல் அளவை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கப்பலிலிருந்து இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பு அப்பியிருக்கும். தரையைத் தொட்டதும் மணலோ சேறோ சிப்பியோ அந்தக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். நம் மீனவர்கள் ‘பாகம்’ என்று சொல்கிற, இரு கைகளையும் விரித்த நீளத்தில் ஆழம் குறிக்கப்படும். வரைபடத்தில் எண் தப்பானால் அடுத்த கப்பலின் அடிப்பலகை அதைச் சொல்லிவிடும். ஆகவே அளப்பவர் கவனமாக அளந்தார். தப்பு நேர்ந்தபோது திருத்தினார், திருத்தத்தைக் கப்பல்களுக்கு அச்சிட்டும் அனுப்பினார். இந்த வகை அறிவை நம்பலாம். அதை அளந்தவன் ஏகாதிபத்தியவாதி என்பதால் ஆழம் குறைந்துவிடாது.

மற்றொன்று, எந்தத் தீவு யாருடையது, எந்தக் குலம் எந்த ஷேக்குக்குக் கட்டுப்பட்டது என்ற குறிப்புகள். இவற்றைச் சோதிக்க ஈயக்குண்டு கிடையாது. ஷார்ஜாவில் பிரிட்டனின் கண்ணும் காதுமாக இருந்தவர் பிரிட்டிஷ்காரரே அல்லர், உள்ளூர் முகவர். 1890 முதல் 1935 வரை அந்தப் பதவி சர்கால் என்ற வணிகக் குடும்பத்தில் தந்தை, பிறகு மகன் என்று கைமாறியது. வணிகருக்குக் கடன்காரர்கள் உண்டு, போட்டியாளர்கள் உண்டு, பெண் கொடுத்த வீடுகள் உண்டு. அவர் சொன்னது பூஷெரில் சுருக்கப்பட்டு, தில்லியில் மேலும் சுருக்கப்பட்டு, லண்டனுக்குப் போய்ச் சேரும்போது ‘என்று அறியப்படுகிறது’ ஆகிவிடும். பழைய கிராமங்களில் கர்ணம் கணக்கில் எழுதியதே நிலத்தின் கதை ஆனது நமக்குத் தெரியும். யார் சொல்லி எழுதினார் என்று கணக்கில் இருக்காது. இந்தத் தகவலுக்கு இருந்த ஒரே சோதனை, வசதி மட்டும்தான்: லண்டனுக்கு அது ஒத்துவருகிறதா?

பாரசீகமும் அரபு ஷேக்குகளும் உரிமை கோரிய துன்ப் தீவுகளின் கதை இதற்குச் சான்று. 1886இல் பிரிட்டிஷ் போர்த்துறையின் உளவுப் பிரிவு பாரசீக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் இந்தத் தீவுகளுக்குப் பாரசீகத்தின் நிறம் பூசப்பட்டிருந்தது. 1888இல் பிரிட்டனே அதை ஷாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த நிறத்துக்கு அர்த்தம் ஏதுமில்லை என்று பல்லாண்டு விளக்கிக்கொண்டிருந்தது. ஈரான் இன்றும் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுகிறது. 1934 இறுதியில் ராஸ் அல் கைமாவின் ஷேக் தன் கொடியைத் துன்பிலிருந்து இறக்கினார். கொடியை ஏற்றாவிட்டால் தீவு ஷார்ஜாவுக்குப் போய்விடும் என்று பிரிட்டன் எச்சரித்தது. 1935இல் கொடி மீண்டும் ஏறியது. தீவு இன்னாருடையது என்று கோப்பு சொல்ல வேண்டுமானால் இன்னாரின் கொடி அங்கே பறந்தாக வேண்டும், அதற்காகவே அது பறக்கவைக்கப்பட்டது. 1971 நவம்பர் 30 அன்று ஈரானியப் படைகள் அங்கே இறங்கின. ராஸ் அல் கைமா இன்று அங்கம் வகிக்கும் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

கடல் அளவையும் அப்பாவி வேலை இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை. 1930இல் முசந்தம் தீபகற்பத்தில் அளவைக்கு வந்த ஓர்மண்ட் கப்பலோடு ஒத்துழைக்கக் கசாப் ஷேக் மறுத்தார். மஸ்கட் சுல்தானின் அதிகாரத்தை நிலைநாட்டுவதாகச் சொல்லிப் போர்க்கப்பல்கள் கசாப்பைக் குண்டுவீசிப் பணியவைத்தன. அளப்பவனை ஏன் அனுமதிக்கக்கூடாது என்பது அந்த ஷேக்குக்குப் புரிந்திருந்தது. இன்று படம் வரைந்தால் நாளை நங்கூரம் விழும். அளக்கப்பட்ட விதம் கொடியது, ஆனால் அளந்த எண் சரியானது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியும். சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. எழுத்து ஆதாரம் வேறில்லாத கரையில் பிரிட்டிஷ் கோப்புகளையும் சந்தேகித்தால் வரலாறே எஞ்சாது என்பார்கள். கோப்புகளைத் தூக்கிப்போட யாரும் சொல்லவில்லை. அதிகாரிகள் கவனிக்காமல் எழுதி வைத்ததில்தான் பல நேரம் பொன் கிடைக்கிறது. விடுதலைச் சான்றிதழ் கேட்டு வந்த அடிமைகளின் வாக்குமூலங்கள் ரெசிடென்சி கோப்புகளில் ஏராளம். எங்கே பிறந்தேன், யார் பிடித்துப்போனார், யாருக்கு விற்றார், யாருடைய படகில் முத்துக் குளித்தேன் என்று ஒரே பக்கத்தில் ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கும். எல்லை வரைய அது உதவாது. ஆகவே அதைத் திரிக்க யாருக்கும் பெரிய அவசியம் இருக்கவில்லை. அதே அதிகாரிகள் எதைக் கோட்டைவிட்டார்கள் என்பதும் பாடம். அரபுக் கரையில் எண்ணெய் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நியூசிலாந்துக்காரர் ஃபிராங்க் ஹோம்ஸை அவர்கள் தொல்லையாகவே பார்த்தார்கள். அவர் 1925இல் பஹ்ரைனில் உரிமம் வாங்கினார். 1932இல் அங்கே எண்ணெய் பீறிட்டபோது அது அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தது. பேரீச்ச மரத்தை எண்ணியவர்களுக்கு, தங்கள் கம்பெனியின் நிபுணர்கள் இல்லவே இல்லை என்று சொன்ன எண்ணெய் காலடியில் இருந்தது தெரியவில்லை.

ஆவணத்தின் மீதான கண்மூடித்தனமான நம்பிக்கை எதுவரை போகும் என்பதற்கு ஹவார் வழக்கே சாட்சி. கத்தார் தாக்கல் செய்தவற்றில் 82 ஆவணங்கள் போலி என்று 1997இல் பஹ்ரைன் சொன்னது. பெரும் தர்மசங்கடத்துக்குப் பிறகு, அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கத்தாரே விலக்கிக்கொண்டது. பட்டாவுக்கு மதிப்பு ஏறினால் போலிப் பட்டா வருவது ஊருக்கு ஊர் நடப்பதுதான்.

அரபு நாட்டுச் சண்டை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள், இந்தக் கோப்புகளின் உறையைப் பார்க்க வேண்டும். ரெசிடென்ட் இந்திய அரசின் அதிகாரி. அவருடைய அலுவலகச் செலவில் கணிசமான பங்கு இந்திய வருவாயிலிருந்து போனது. வளைகுடாவில் புழங்கியதும் ரூபாய்தான். பூஷெரிலிருந்து வந்த கடிதங்களின் மறுபாதி, அன்றைய அயலுறவு-அரசியல் துறைக் கோப்புகளாகத் தில்லியில் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. லண்டன் பிரதிகளை பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து கத்தார் 2014 முதல் இணையத்தில் விரித்து வைத்திருக்கிறது. எந்தப் பக்கத்தை முதலில் விரிப்பது என்பதைப் பணம் போட்டவர் தீர்மானிக்கிறார், இயல்புதான். தில்லியில் உள்ள பிரதிகளும் முழுமையாக வெளிவந்தால் ஒரு கடிதம் பூஷெரில் எப்படிப் புறப்பட்டது, எந்த மேசையில் எந்த வரி அடிக்கப்பட்டது, உள்ளூர் முகவரின் பெயர் எங்கே உதிர்ந்தது என்று பக்கத்தோடு பக்கம் வைத்துப் பார்க்கலாம். தகவல் சொன்னவரின் பெயர் பெரும்பாலும் முதல் வரைவின் ஓரத்தில்தான் இருக்கிறது.