‘இம்யூனிட்டி’யை ஏற்றிக்கொண்டே போகலாமா? வெள்ளை அணுக்கள் எல்லை மீறினால் நுரையீரலுக்கு என்ன ஆகும்?

மழைக்காலம் தொடங்கி, வீட்டில் இரண்டு பேர் இருமினால் போதும். ‘இம்யூனிட்டியை பூஸ்ட் பண்ணுங்க’ என்ற விளம்பரம் போன் திரையில் வரிசைகட்டி வந்துவிடும். மாத்திரை, பவுடர், சிரப் என்று எல்லாவற்றிலும் அந்த வார்த்தை ஏறிவிட்டது. கொரோனா அலைகள் ஓய்ந்தாலும், அவை தொடங்கிவைத்த இந்த வியாபாரம் ஓயவில்லை.

நோய் எதிர்ப்பு சக்தி என்பது போன் பேட்டரி மாதிரி, சார்ஜ் ஏற ஏற நல்லது என்பதுதான் இந்த விளம்பரங்கள் சொல்லாமல் சொல்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வைரஸ் நிமோனியா முற்றி ஐ.சி.யூ. வரை போனவர்களின் நுரையீரலில் இந்தக் கணக்கு செல்லுபடியாகாது. அங்கே நடக்கும் சேதத்தில் வைரஸுக்கு ஒரு பங்கு என்றால், நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பல நேரங்களில் அது சின்னப் பங்கும் அல்ல.

அலாரம் தாமதமானால்?

நுரையீரலில் காற்றறைகள் 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. சுவரின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். உள்ளே நீர் கோக்காமல் இருக்கும்வரைதான் ஆக்ஸிஜன் தடையில்லாமல் ரத்தத்துக்குப் போகும்.

ஃப்ளூவோ கொரோனாவோ இந்தச் சுவரில் உள்ள செல்லுக்குள் நுழைந்ததும், அந்த செல் ‘இன்டர்ஃபெரான்’ என்ற புரதத்தை வெளியிட வேண்டும். ‘ஆள் வந்துட்டான், கதவைச் சாத்து’ என்று அக்கம்பக்கத்து செல்களுக்குச் சொல்லும் செய்தி அது. காற்றறைக்குள்ளேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ்களும் வேலையைத் தொடங்கும். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்களுக்கும் மோனோசைட்களுக்கும் அழைப்பு போகும். இதெல்லாம் நேரத்துக்கு நடந்தால் நாலு நாள் காய்ச்சல், ரசம் சாதம், ஓய்வு. அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் முடிந்தும்விடுகிறது.

சிலருக்கு அப்படி முடிவதில்லை. இன்டர்ஃபெரானை அமுக்கிவைப்பதில் கொரோனா வைரஸ் கெட்டிக்காரத்தனம் காட்டும். அலாரம் அடிக்காத அந்தச் சில நாட்களில் வைரஸ் தாறுமாறாகப் பெருகிவிடும். பிறகு உடல் விழித்துக்கொள்ளும்போது, விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் அணுக்களும் அவற்றை உசுப்பிவிடும் சைட்டோகைன் ரசாயனங்களும் நுரையீரலுக்குள் கொட்டும். கொரோனாவில் பலருக்கு முதல் வாரம் சாதாரணக் காய்ச்சலாகப் போய், இரண்டாம் வாரத்தில் மூச்சுத்திணறல் வந்ததற்கு இது முக்கியக் காரணம். வைரஸின் அளவு இறங்கத் தொடங்கிய பிறகும் நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டே போகும்!

வலை வீசும் நியூட்ரோபில்

இந்தக் கூட்டத்தில் எண்ணிக்கையில் முதலிடம் நியூட்ரோபிலுக்கு. எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் ஏறக்குறைய 10 ஆயிரம் கோடி நியூட்ரோபில்களைத் தயாரிக்கிறது. கிருமியை விழுங்கிக் கொல்வதுதான் இதன் வேலை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். 2004-ல் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவன ஆய்வாளர்கள் இன்னொரு வேலையையும் கண்டுபிடித்தார்கள். நியூட்ரோபில் தன்னுடைய டி.என்.ஏ.வையே பிரித்து, வலை மாதிரி வெளியே வீசுகிறது. அந்த வலையில் கிருமிகளைக் கொல்லும் என்சைம்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாகும்போதும் சண்டை போட்டுவிட்டுச் சாகிற ரகம்.

காலில் முள் குத்தி பாக்டீரியா புகுந்தால் இது அருமையான ஏற்பாடு. மெல்லிய காற்றறைக்குள் ஆயிரக்கணக்கில் வலை விழுந்தால் கதை வேறு. கிருமிக்கு வைத்த என்சைம் காற்றறைச் சுவரையும் அரிக்கும். பக்கத்திலிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் வலையைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையும். குழாய்ச் சுவர் கசிந்து, காற்றறைக்குள் நீர் நிரம்பும். கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலைச் சோதித்தபோது இந்த வலைகளும், குட்டிக் குட்டி ரத்தக்கட்டிகளும் சேர்ந்தே காணப்பட்டன. இந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் வெளியிலிருந்து எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் அது ரத்தத்தைச் சென்றடைய வழி குறைந்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அது இங்கே உடலுக்குள்ளேயே நடக்கிறது.

‘டோட்டல் கவுன்ட் நார்மல்தானே?’

இப்போது ரத்தப் பரிசோதனை முடிவு பி.டி.எஃப்.பாக நேராக போனுக்கே வந்துவிடுகிறது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ஃபேமிலி குரூப்பில் தீர்ப்பும் சொல்லப்படுகிறது. “டோட்டல் கவுன்ட் 8 ஆயிரம்தான், நார்மல். பயப்பட ஒண்ணுமில்ல.”

வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டருக்கு 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை இருந்தால் இயல்பு என்பது சரிதான். ஆனால் அது வெறும் கூட்டுத்தொகை. அதே 8 ஆயிரத்தில் நியூட்ரோபில் 85 சதவீதம், லிம்போசைட் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லிம்போசைட் வெறும் 640. பெரியவர்களுக்குக் குறைந்தது ஆயிரமாவது இருக்க வேண்டும். வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் டி செல்கள் இந்த லிம்போசைட் வகையைச் சேர்ந்தவை. கடுமையான கொரோனாவில் நியூட்ரோபில் ஏறுவதும் லிம்போசைட் சரிவதும் ஒன்றாக நடந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறுவதை ஆபத்துக்கான அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவர்கள் 2020-ன் தொடக்கத்திலிருந்தே கவனித்துவருகிறார்கள். ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கும் ஒற்றை எண்ணுக்குள் இதெல்லாம் ஒளிந்துகொள்ளும்.

இதைப் படித்துவிட்டு விகிதத்தைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துப் பதறுவதும் சரியல்ல. பாக்டீரியா தொற்று, உடல் அதிர்ச்சி, ஏன், ஸ்டீராய்டு மாத்திரைகூட நியூட்ரோபில் எண்ணிக்கையை ஏற்றிவிடும். எந்த நாளில், எந்த மருந்து சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தம் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

அடக்கியதால் பிழைத்தவர்கள்

‘பூஸ்ட்’ கணக்கு தவறு என்பதற்கு வலுவான சாட்சி பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்வு. டெக்ஸாமெத்தசோன் மிகப் பழைய, மலிவான ஸ்டீராய்டு. எதிர்ப்பு சக்தியை அடக்குவதுதான் அதன் குணம். மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் 2,104 பேருக்கு தினமும் 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாட்கள் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 41.4 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 29.3 சதவீதம். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 என்பது 23.3 ஆகக் குறைந்தது. எதிர்ப்பு சக்தியை அடக்கியதால் உயிர்கள் மிஞ்சின!

ஆனால் ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அவர்களில் ஸ்டீராய்டு பெற்றவர்களின் இறப்பு 17.8 சதவீதம், பெறாதவர்களில் 14. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும், நல்லது நடக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். நுரையீரலை வெள்ளை அணுக்கள் இன்னும் தாக்கத் தொடங்காத நேரத்தில் அவற்றை அடக்கினால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம்.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 2020 அக்டோபரில் வெளியான ஒரு சர்வதேச ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரைப் பரிசோதித்தார்கள். 101 பேரின் ரத்தத்தில், சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அலாரத்தின் ஒயரை உடலே அறுத்துவைத்திருந்தது. ஆக, முதல் சில நாட்களில் மந்தமாக இருந்தாலும் ஆபத்து, இரண்டாம் வாரத்தில் வெறிபிடித்தாலும் ஆபத்து. ஒரே நோயாளிக்குப் பத்து நாள் இடைவெளியில் நேர்மாறான இரண்டு சிகிச்சை தேவைப்படலாம். எந்த பாட்டிலும் இதைக் கணித்துக் கொடுக்காது.

2021-ல் கிடைத்த அடி

இந்த நேரக்கணக்கு தெரியாமல் போனதற்கு இந்தியா கொடுத்த விலை பெரிது. இரண்டாவது அலையில் ஸ்டீராய்டு பெயர் அடங்கிய ‘பிரிஸ்கிரிப்ஷன்’கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. காய்ச்சல் வந்த முதல் நாளே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஏராளம். லேசான தொற்றுக்கு ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு எடுப்பது ஆபத்து என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா 2021 மே மாதமே எச்சரித்தார். அந்த ஜூன் முடிவதற்குள் நாட்டில் 40 ஆயிரம் பேருக்கும் மேல் கருப்புப் பூஞ்சை பாதிப்பு பதிவானது. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் கைகோத்த இடத்தில் அது புகுந்தது. பூஞ்சையைத் தடுக்கும் முன்வரிசைக் காவலர்களும் இதே நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும்தான். ஸ்டீராய்டு அவற்றின் கையைக் கட்டிப்போட்டது.

வெள்ளை அணுக்களுக்கு உண்மையாகவே உதவும் ஒன்று உண்டு. தடுப்பூசி. அது அணுக்களின் எண்ணிக்கையை ஏற்றுவதில்லை. வைரஸின் அடையாளத்தை டி, பி செல்களுக்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறது. அதனால் உடல் இரண்டாம் வாரம் விழித்துக்கொள்வதற்குப் பதிலாக முதல் சில நாட்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான். மாதாமாதம் பூஸ்டர் பவுடருக்குச் செலவழிக்கும் பல வீடுகளில் அப்பா அம்மாவுக்கு இந்த ஊசி போட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. மறுபக்கம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஸ்டீராய்டு இன்னமும் கவுன்ட்டரில் கேட்டதும் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கடைக்குப் போய்ச் சோதிப்பதுதான் பாக்கி.

கஷாயம் தொண்டைக்கு இதம் என்று குடிப்பவர்கள் குடிக்கட்டும். காய்ச்சல் விட்ட பிறகு படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அதில் ஸ்டீராய்டு இருந்ததா, எந்த நாளில் தொடங்கியது என்பது சிகிச்சை தரும் டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.