வால் போதும்!

மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை நறுக்கிக் கொடுப்பார்கள். தலை ஒரு வீட்டுக்கு, வால் ஒரு வீட்டுக்கு! மாத்திரையின் முழுப்பெயர் யார் வீட்டுக்குப் போகும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

வடகாட்டு அத்தைக்குக் கிடைத்தது வால்.

புதுக்கோட்டை ஜில்லாவில் வடகாடு என்றால் பலாப்பழம். அத்தை வீட்டிலும் ரெண்டு மரம் உண்டு. பி.பி. இருக்கிறது என்று ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பி.பி. அடங்கியது. மூன்றாவது வாரம் இருமல் கிளம்பியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி பூராவும் வெறும் 'லொக்... லொக்...' தெருநாய்களுக்கே வேலை போய்விட்டது!

"பலாப்பழத்தைத் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இப்படித்தான்" என்றார் மாமா. மூத்த மருமகள் சுக்குக் கஷாயம் வைத்தாள். இளையவள் விடுவாளா? கற்பூரவல்லிச் சாறு! இருமல் டானிக் மூன்று பாட்டில் காலி. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தம். சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார்கள். இல்லாத சளிக்கு அத்தை எங்கே போவாள்?

அதற்குள் ஊரில் "டி.பி.யா இருக்குமோ" என்று பேச்சு. பேரப்பிள்ளையை அத்தை மடியில் விடுவதை மெல்ல நிறுத்திவிட்டார்கள். இருமலுக்கு அழாத அத்தை அதற்கு அழுதாள்.

"இந்தக் கருமத்தை முழுங்க ஆரம்பிச்சதுலேருந்துதான்யா இருமல். கிணத்துல வீசிப்புடப் போறேன்!"

"பி.பி. மாத்திரைக்கும் இருமலுக்கும் என்னம்மா சம்பந்தம்? சும்மா இருங்க" என்றான் படித்த மகன்.

கடைசியில் புதுக்கோட்டையில் வேறொரு டாக்டரிடம் போனார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பேரு தெரியலீங்க. நறுக்கினதுல வால்தான் மிச்சம்."

"வால் போதும்" என்று அட்டையைப் பார்த்தார் டாக்டர். '...ப்ரில்' என்றிருந்தது. "அம்மா சொன்னதுதான் சரி!"

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம் ஒரே குடும்பம். ரத்தக் குழாயை இறுக்கும் பொருளைத் தயாரிக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மாத்திரை அதைக் கட்டிப் போடும். பிரஷர் இறங்கும். ஆனால் அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகினின் என்கிற பொருளைச் சிதைத்து அப்புறப்படுத்துவது. குப்பை அள்ளுகிறவரைக் கட்டிப் போட்டால் தெரு என்னாகும்? பிராடிகினின் தேங்கி மூச்சுக் குழாயை உறுத்தும். இருமல்! எல்லாருக்கும் வராது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

இந்தக் குடும்பத்துக்கு மூதாதை ஒரு பாம்பு என்றால் நம்புவீர்களா? பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தில் 1965-ல் ஃபெரைரா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த சரக்கிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் 1981-ல் அமெரிக்காவில் காப்டோப்ரில் என்ற மாத்திரையாக வந்தது. அத்தையிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாத்திரையோடு மகனும் கிணற்றில்!

டாக்டர் 'சார்ட்டான்' என்று முடிகிற வேறு ரகத்துக்கு மாற்றினார். அது அந்த நொதியைத் தொடுவதில்லை. மூன்றே வாரத்தில் இருமல் போயே போச்சு. பேரன் மடிக்கு வந்தான்.

இதைப் படித்துவிட்டு, லேசாக இருமினாலே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதம் சொல்லிவிட்டா வருகிறது? டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் அடுத்த வேளை மாத்திரை வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி!

பக்க விளைவை நாமே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கலாம். மருந்துகளைக் கண்காணிக்கும் திட்டம் 2010-லிருந்து நடக்கிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024.

பால் கணக்கும் சீட்டுப் பணமும் எழுதுகிற காலண்டரில், புது மாத்திரை தொடங்கிய தேதியையும் ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள். உடம்பு ஏதாவது முணுமுணுத்தால் அந்தத் தேதியோடு டாக்டரிடம் போங்கள். அப்புறம், வீட்டில் வயசானவங்க "மாத்திரையாலதான்" என்று சொன்னால், "சும்மா இருங்க" என்பதற்கு முன்னால் அந்தக் காலண்டரை ஒருதரம் பார்த்துவிடுங்கள்!