உறங்கும் முன் கழற்றுவோம்



நம் ஈசூன் வட்டாரத்தில் உயர்நிலைப்பள்ளிக்குச் சென்றதும் மூக்குக்கண்ணாடியை விட்டுக் காண்டாக்ட் லென்ஸ் அணியத் தொடங்கும் பிள்ளைகள் பலர். அதில் தவறில்லை. ஆனால், அதை அணிந்தபடியே உறங்கும் பழக்கத்தைச் சிறு சோம்பல் என்று பெரியவர்கள் விட்டுவிடலாகாது என்பதே என் கருத்து.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. கண்ணை மூடினால் அந்த வரத்து குறையும். மேலே வில்லையும் இருந்தால் இன்னும் குறையும். கருவிழி வீங்கி, அதன் மேல்தோல் நலிந்து, கிருமிகள் நுழைய வழி பிறக்கும். அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மென்வில்லைகளைப் பகலில் மட்டும் அணியும் வகையைப் பயன்படுத்தியோரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்பட்டது. இரவிலும் தொடர்ந்து அணியும் வகையினரில் இது சுமார் 21. பிராணவாயுவை அதிகம் கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரஜெல் வில்லைகள் பின்னர் வந்தன. ஆயினும் தொற்று அபாயம் நீங்கவில்லை.

சிங்கப்பூரிலேயே பாடம் உண்டு. 2005 மார்ச் முதல் 2006 மே வரை இங்கு 66 பேர் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழித் தொற்றுக்கு ஆளாயினர். ஐவருக்கு அவசரக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. பெரும்பாலோர் 'ரீநியூ' கரைசலைப் பயன்படுத்தியவர்கள். அவ்வரிசையின் 'மாய்ஸ்சர்லாக்' வகை 2006 மே மாதம் உலகெங்கும் மீட்டுக்கொள்ளப்பட்டது.

கரைசல் போய்விட்டது, கவலையும் போய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், அந்த 66 பேரில் பத்துக்கு எட்டுப் பேரிடம் பராமரிப்புக் குறைகள் இருந்தன: பகல் வில்லையுடன் உறங்குதல், காலக்கெடு கடந்தும் அதையே அணிதல் போன்றவை. கரைசலைக் கடையிலிருந்து அகற்றலாம்; பழக்கத்தை வீட்டில்தான் அகற்ற முடியும்.

"கிட்டப்பார்வைக்கு மருத்துவரே இரவில் அணியச் சொல்கிறாரே?" எனச் சிலர் கேட்கலாம். அந்த ஆர்த்தோ-கே வில்லை வேறு வகை. தொடர்ந்த மேற்பார்வையில் அணிவது. அதிலும் தூய்மை தவறினால் தொற்று வரும்.

ஆகவே, வில்லையைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைக்கவும், குழாய்நீரில் வில்லையைக் கழுவாதிருக்கவும், உறங்குமுன் கழற்றவும் பிள்ளைகளைப் பழக்குவோம். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே வில்லையைக் கழற்றிவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.