எழுதியவர் யார்? பணம் கொடுத்தவர் யார்?

பல வருடங்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பும் கமக்காரர் முதலில் காண்பது பற்றைக் காட்டைத்தான். வரம்பு தெரியாது. கிணற்றடி தெரியாது. வெட்டித் துப்புரவாக்கக் கூலி கொடுக்கக் கையில் காசும் இராது. அந்த நேரத்தில் கடைக்காரர் ஒரு களைநாசினிப் போத்தலை எடுத்து வைத்து, "இதாலை ஒரு தீங்கும் இல்லை அண்ணை, பெரிய விஞ்ஞானியளே சொல்லியிருக்கினம்" என்றால் நாம் நம்பிவிடுகிறோம். அந்த விஞ்ஞானிகள் யார், அவர்கள் பெயரில் வந்ததை உண்மையில் எழுதியவர் யார் என்று கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவத்தைக் கூறுகிறோம்.

கிளைபோசேற் என்ற களைநாசினியை 1974 இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஐக்கிய அமெரிக்காவின் மொன்சான்ரோ கம்பனி. அது மனிதருக்கு ஆபத்தற்றது என்று கூறும் நீண்ட கட்டுரையொன்று 2000 ஆம் ஆண்டில் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. எழுதியோர் என மூவரின் பெயர்கள் இருந்தன. மூவரும் கம்பனி ஊழியர் அல்லர். ஆகவே பக்கச்சார்பற்ற ஆய்வென்று கருதி, அக்கட்டுரையைப் பல வருடங்கள் பலரும் ஆதாரமாகக் காட்டி வந்தனர்.

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, கிளைபோசேற் மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் பெரிதும் உண்டு என வகைப்படுத்தியது. அதன்பின் நோயுற்றோர் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2017 இல் கம்பனியின் உள்ளகக் கடிதங்கள் நீதிமன்றத்தின் மூலம் வெளிவந்தன. "எழுதும் வேலையை நாமே செய்தால் செலவு குறையும், வெளியார் திருத்திக் கையொப்பமிட்டால் போதும், 2000 ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அப்படித்தான் செய்தோம்" என்ற கருத்துப்படக் கம்பனி விஞ்ஞானி ஒருவர் அவற்றில் எழுதியிருந்தார். கம்பனி குற்றச்சாட்டை மறுத்தது. ஆயினும் 25 வருடங்களின் பின், 2025 இல், அந்தச் சஞ்சிகையே கட்டுரையை மீளப்பெற்றது.

கிளைபோசேற் புற்றுநோயைத் தருமென முற்றாக நிரூபிக்கப்பட்டுவிட்டது என நாம் சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் அதற்கு மேலும் 10 வருட அனுமதி வழங்கியது. ஆனால் வழக்காளியே தீர்ப்பை எழுதி, நீதிபதி கையொப்பம் மட்டும் வைத்தால், அத்தீர்ப்பு சரியாயிருந்தாலும் ஊர் நம்புமா? கம்பனிகள் இவ்விதம் செய்யும்போது நேர்மையான ஆய்வின் மீதும் சந்தேகம் விழுகிறது.

இதன் விளைவு எமது வயலுக்கும் வருகிறது. வட மத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்கு இதுவும் காரணமாகலாம் என்ற சந்தேகத்தில் இலங்கை 2015 இல் கிளைபோசேற்றைத் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022 இல் முற்றாக நீங்கியது. அந்நோயின் காரணமோ இன்னும் திட்டவட்டமாக நிறுவப்படவில்லை. நம்பத்தக்க ஆய்வு இல்லாதவிடத்து அரசு சந்தேகத்தில் தடுக்கிறது, நெருக்கடியில் விடுகிறது. இரு வேளையும் தெளிகருவியை முதுகில் சுமந்து நிற்பவர்கள் நாமே.

ஆகவே, கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் விவசாயப் போதனாசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மருந்தைச் சோதித்தவர் யார்? அதற்குப் பணம் கொடுத்தவர் யார்? கம்பனியிடம் பணம் பெறாத எவராவது அதைச் சோதித்தார்களா? பதில் அவருக்குத் தெரியாவிட்டால் மேலதிகாரிகளிடம் எழுதிக் கேட்குமாறு சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு. பதில் வரும்வரை கையுறையும் நீளக் காற்சட்டையும் இன்றித் தெளிக்காதீர்கள். கிணற்றடியில் தெளிகருவியைக் கழுவாதீர்கள். வெறும் போத்தலில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள்.