வீடு விற்பனை முகவர் அனுமதி: பொறுப்பை உணர்ந்து பெறுவோம்

ரொறன்ரோவில் வெளிவரும் எந்தத் தமிழ்ப் பத்திரிகையை எடுத்தாலும் வீடு விற்பனை முகவர்களின் முகங்களே பக்கங்களை நிறைத்து நிற்கின்றன. ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலாயினும் பழைய மாணவர் சங்கத்தின் கலைவிழாவாயினும், அவர்களது விளம்பரம் இன்றி மலர் அச்சேறுவது அரிது. 1980களில் அகதிகளாக வந்து, தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் இரண்டு வேலை பார்த்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் எமது மக்கள் முதல் வீட்டை வாங்கியபோது, அவர்களுக்குத் தமிழில் விளக்கி வழிகாட்டியவர்கள் இத்தகைய முகவர்களே. அப்பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால், "படிப்பு ஏறாவிட்டால் றியல் எஸ்ரேற் செய்யலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் எம்மிடையே வேரூன்றி விட்டது. இது அத்தொழிலுக்கும் இழுக்கு. அத்தொழிலை நம்பித் தம் வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்கும் எமது குடும்பங்களுக்கும் ஆபத்து. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் நாம் எதிர்பார்க்கும் தகுதியையும் ஒழுக்கத்தையும் வீட்டு முகவரிடமும் எதிர்பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஒன்ராறியோவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்துவது, 1997இல் நிறுவப்பட்ட ஒன்ராறியோ றியல் எஸ்ரேற் பேரவை, சுருக்கமாக றீக்கோ ஆகும். இங்கு பதிவு பெறாத எவரும் பிறருக்காக வீடு வாங்கவோ விற்கவோ செயற்பட்டுத் தரகுப்பணம் பெற முடியாது. விண்ணப்பதாரர் 18 வயது நிறைந்தவராகவும், உயர்நிலைப் பள்ளிக் கல்வியையோ அதற்கு நிகரான தகைமையையோ கொண்டவராகவும், கனடாவில் தொழில் செய்யும் உரிமை உடையவராகவும் இருத்தல் வேண்டும். குற்றப் பதிவுச் சான்றும் கோரப்படும்.

2019இல் ஹம்பர் கல்லூரி ஊடாக அறிமுகமான பயிற்சி, ஐந்து பாடநெறிகளையும் இரண்டு செய்முறை அமர்வுகளையும் கொண்டு அமைந்தது. தேர்வுகளில் சித்தியடைய 75 சதவீதப் புள்ளிகள் தேவைப்பட்டன. கட்டணமும் பல ஆயிரம் டொலர்களை எட்டியது. பாடத்திட்டமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், சேருமுன் றீக்கோவிடமே நேரில் விசாரித்து அறிதல் நன்று. பயிற்சியை முடித்தாலும் தனித்துத் தொழில் செய்ய இயலாது. பதிவு பெற்ற தரகு நிறுவனம் ஒன்றில் இணைந்து, காப்புறுதியும் பெற்ற பின்னரே பணி தொடங்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் மேலதிகப் பாடநெறிகளையும், அதன் பின்னர் பதிவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் தொடர்கல்வியையும் நிறைவுசெய்ய வேண்டும்.

வருமானம் பற்றியும் மனந்திறந்து பேசுவோம். இத்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. வீடு கைமாறினால்தான் தரகுப்பணம். அதிலும் நிறுவனத்தின் பங்கு போக எஞ்சியதே முகவருக்கு. வாகனம், விளம்பரம், சங்க உறுப்புரிமை, காப்புறுதி ஆகிய செலவுகள் விற்பனை இல்லாத மாதத்திலும் தொடரும். வருமான வரிக்கான பணத்தையும் தாமே ஒதுக்கி வைக்க வேண்டும். 2021இல் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் 121,000க்கும் மேற்பட்ட வீடுகள் விற்பனையாயின. மத்திய வங்கி 2022 மார்ச்சில் 0.25 சதவீதமாக இருந்த வட்டி வீதத்தை உயர்த்தத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்குக் கொண்டு சென்றது. அந்த 2023இல் விற்பனை சுமார் 66,000 ஆகச் சுருங்கியது. அப்போது இப்பிராந்திய முகவர் சங்கத்தின் உறுப்பினர்களோ 70,000க்கும் அதிகம். இளையோர் இக்கணக்கைப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

இனி, பொறுப்புப் பற்றிய விடயம். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களோடு, இத்தொழிலுக்கான சட்டத்தின் பெயரிலேயே "நம்பிக்கை" என்ற சொல் சேர்க்கப்பட்டது. சேவையைத் தொடங்குமுன் றீக்கோவின் தகவல் வழிகாட்டியை வாடிக்கையாளருக்கு வழங்கி விளக்குதல் முகவரின் கடமை. தமக்கோ தம்மைச் சார்ந்தவருக்கோ அவ்விற்பனையில் நலன் இருப்பின் அதனை எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாங்குபவர், விற்பவர் இருவருக்காகவும் செயற்படுவதாயின் இருவரதும் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

எம்மவரிடையே சிக்கல் தோன்றுவது இங்குதான். வாடிக்கையாளர் பெரும்பாலும் மாமாவாகவோ, ஊரவராகவோ, நண்பனின் அக்காவாகவோ இருக்கிறார். "எங்கட பிள்ளைதானே, காட்டின இடத்தில் கையெழுத்து வைப்போம்" என்று பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். 2021, 2022 காலப்பகுதியில் போட்டி மிகுந்தபோது, வீட்டுக்கடன் நிபந்தனையும் வீட்டுப் பரிசோதனை நிபந்தனையும் இன்றி விலை கூறியவர்கள் ஏராளம். விலை இறங்கியதும் வங்கி குறைந்த மதிப்பையே கணித்தது. இடைவெளியை நிரப்பப் பணமின்றிக் குடும்பங்கள் தவித்தன. கட்டுநரிடமிருந்து புதிய கொண்டோ வாங்கினால் 10 நாட்களுக்குள் விலகிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கும்போது அத்தகைய அவகாசம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கையெழுத்துக்கு முன் தமிழில் தெளிவாகச் சொல்லும் முகவர், ஒரு குடும்பத்தையே காப்பாற்றக்கூடும். "இந்த விலைக்கு வேண்டாம், பொறுங்கள்" என்று சொல்லித் தனது தரகுப்பணத்தை இழக்கத் துணிபவரே அனுமதிப்பத்திரத்துக்குத் தகுதியானவர்.

பெற்றோருக்கும் கடமை உண்டு. முகவர் உறவினரே ஆயினும் அவரது பதிவை றீக்கோவின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். வைப்புப்பணம் எவரது கணக்குக்குச் செல்கிறது என்று கேளுங்கள். 2025 ஓகஸ்டில் ஒன்ராறியோவின் பெரிய தரகு நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர் பணத்தைக் காக்கும் நம்பிக்கைக் கணக்குகளிலேயே பல மில்லியன் டொலர் பற்றாக்குறையோடு மூடப்பட்டதை நாம் கண்டோம். கேள்வி கேட்பது அவமதிப்பு அல்ல. நேர்மையான முகவர் அதனை வரவேற்பார்.

இளையோரே, ஆங்கிலத்தில் உள்ள சட்டத்தை அம்மம்மாவுக்கும் விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லும் ஆற்றல் உங்களிடம் உண்டு. அந்த ஆற்றலோடு, வருமானமின்றி ஓராண்டையேனும் தாக்குப்பிடிக்கச் சேமிப்பும், அனுபவமிக்க ஒருவரிடம் பழகும் பொறுமையும் இருந்தால் இத்தொழிலுக்கு வாருங்கள். உங்களை நம்பிக் கையெழுத்திடும் பெரியவரின் இரண்டு வேலைகளும் இருபது ஆண்டுகளும் அந்தக் காகிதத்தில் அடங்கியுள்ளன என்பதை மட்டும் ஒருபோதும் மறவாதீர்கள்.