பனியில் செத்த மானும் நம் குழுவில் விழுந்த கைதட்டலும்

நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலே கும்பிடு எமோஜி போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் தலையாட்டினீர்கள்.

நாலு நாளைக்கு முன் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன் முழங்கால் பனியில் நிற்கிறான். காலடியில் மான். கையில் பழைய காலத்து மாதிரி கைத்துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, குண்டை வைத்துக் கெட்டித்து, ஒரு தடவை மட்டும் சுடுகிற வகை. "மைனஸ் எட்டு டிகிரி, ஒரே ஷாட், சார் சொல்லிக்கொடுத்த கெமிஸ்ட்ரி" என்று எழுதியிருந்தான். என்னை இழுத்துவிட்டிருக்கிறான், அதனால் பதில் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிட்டது.

அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். கீழே வந்த பின்னூட்டங்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. "சோழநாட்டு வேட்டைக்காரன்டா!" என்று ஒருவன். "நம்ம கோடியக்கரையிலும் சீசனுக்கு லைசென்ஸ் கொடுத்தால் என்ன, டூரிசம் வளரும்" என்று இன்னொருவன், அவன் அரசு வேலையில் வேறு இருக்கிறான். அதைக் குடும்பக் குழுவுக்கும் கொண்டுபோய், என் தம்பி மகன் எழுதியது இது: "பெரிய தாத்தா காலத்தில் நம்ம வீட்டிலேயே மான்கறி தொங்கும். அதெல்லாம் ஒரு வீரம். இப்ப எதைத் தொட்டாலும் சட்டம்."

தம்பி, அந்தப் பெரிய தாத்தா உனக்குக் கதை. எனக்குப் பெரியப்பா. அவர் துப்பாக்கிக்கு மருந்துக் குடுவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவன் நான். அந்த வீரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

1965 மார்கழி. எனக்குப் பதின்மூன்று வயது. அகஸ்தியம்பள்ளி வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி. கோடியக்கரை அப்போது இன்னும் சரணாலயம் ஆகவில்லை, அது 1967ல். விடியற்காலை. நம் டெல்டாவின் மார்கழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மழை விட்டும் விடாமலும், தரையெல்லாம் சேறு, பத்தடிக்கு அப்பால் பனிமூட்டம். பெரியப்பா ஒரு திட்டில் படுத்துக் குறி வைத்தார். விசையை இழுத்தார். 'டிக்' என்று கேப் மட்டும் வெடித்தது, மருந்து பற்றவில்லை. ஈரம். இரண்டாம் தடவை புஸ்ஸென்று புகைந்தது. பழைய மருந்தைத் தட்டிக் கொட்டி, துணியால் துடைத்து, புது மருந்து போட்டு, மறுபடி கெட்டித்தார். மூன்றாம் தடவை வெடித்தது. புகை அடங்க எவ்வளவோ நேரம் ஆனது. புகைக்கு அப்பால் ஒரு பெட்டைமான் முன்னங்கால் தொங்கத் தொங்க ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி சுட வேண்டுமானால் முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் அது சதுப்புக்குள் போய்விட்டது.

அன்று முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாடு மேய்க்கிற பையன் வந்து, காக்கை கூட்டமாக இருக்கிறது என்று சொன்னான். நாங்கள் போனபோது கறிக்கு உதவுகிற நிலையில் அது இல்லை. பெரியப்பா ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டில் வந்து அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கைக்கு எட்டலே, தப்பிச்சிட்டுது" என்றார். நானும் ஆமாம் என்றேன். அறுபது வருஷமாக யாரிடமும் அந்த 'ஆமா'வைத் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். வீட்டில் கறி தொங்கியது மட்டும்தான் உனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தொங்காமல் போனவற்றின் கணக்கு யாரிடமும் கிடையாது.

இனி கெமிஸ்ட்ரி. நான் நடத்தியதுதான், பாதிதான் நினைவில் வைத்திருக்கிறான். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். வெள்ளைப் புகை அதுதான், குழலுக்குள் பிடிக்கும் கறுப்புக் கசடும் அதுதான். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரும்பை அரிக்கும். வெளியே உறைபனியில் இருந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் உள்ளே நீர் வியர்க்கும், மருந்து நனையும். பனிநாட்டில் இருந்தாலும் சரி, மார்கழித் திருத்துறைப்பூண்டியில் இருந்தாலும் சரி, இந்த மருந்து நம்ப முடியாத மருந்து. அதன் குண்டுக்கு நவீன ரைஃபிள் குண்டின் வேகம் கிடையாது. அதையும் நீளக்குழல் இல்லாமல் கையளவுத் துப்பாக்கியில், குளிரில் விறைத்த விரலால் சுட்டால் தூரமும் குறையும், குறியும் குறையும். "சவாலாக இருக்கிறது" என்று எழுதியிருந்தான். சவால் அவனுக்கு. தவறினால் அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். மானுக்கு மூன்று நாள்.

அவன் உயிரோடு இருக்கும் ஒரே குண்டில் விழுத்தினான் என்றால் சந்தோஷம். விழுந்தவைதான் படத்துக்கு வரும்.

அவனுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். அங்கே வெள்ளைவால் மான் இன்று கிட்டத்தட்ட மூன்று கோடி. ஓநாயைப் பெரும்பகுதி தீர்த்துக்கட்டிவிட்டார்கள், மானைக் குறைக்க வேறு வழியில்லாமல் மனிதன் அந்த வேலையைச் செய்கிறான். அதற்குப் பருவம், அனுமதிச் சீட்டு, எண்ணிக்கை எல்லாம் உண்டு. பழைய மாதிரித் துப்பாக்கிக்கென்று தனிப் பருவமே இருக்கிறது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தொடங்கும். 1937லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி போட்டு அந்தப் பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே கொடுக்கிறார்கள். இதே மான் 1900 வாக்கில் சில லட்சமாகக் குறைந்து, சுடுவதற்கே ஆள் தேடிப் போன இடத்தில் மான் இல்லாமல் போன பிறகுதான் அந்தப் புத்தி வந்தது. அவன் சட்டப்படி சுட்டான், சாப்பிட்டான். எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் ருசி, அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதைக் கோடியக்கரைக்குக் கொண்டுவருகிற புத்திசாலிக்கு என்ன பதில்? ஐயா டூரிசம்காரரே, கோடியக்கரை எவ்வளவு பெரிது என்று தெரியுமா? சரணாலயம் சுமார் 21 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சதுப்பு. அங்கே இருப்பது வெளிமான். சங்கப் பாட்டில் இரலை என்று பெயர் பெற்றது, முறுக்குக் கொம்புக்காரன். அது காட்டுக்குள் ஒளிகிற மான் இல்லை, திறந்த புல்வெளியில் கண்ணையும் காலையும் நம்பி வாழ்வது. அந்தப் புல்வெளியைத்தான் சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. காட்டுக் குதிரையாகிவிட்ட மட்டக்குதிரைகள் அதே புல்லை மேய்கின்றன. தெருநாய்கள் குட்டியைக் கடிக்கின்றன. வெயில் காலத்தில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வந்ததே, அந்த வாரம் மான்களின் உடல்கள் கடற்கரையில் ஒதுங்கியதை நம்மில் பலர் பார்த்தோம். நீயும் நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் போனாய், அழுதுகொண்டு எனக்கு போன் செய்தாய். அந்த மிச்சத்துக்கா லைசென்ஸ் கேட்கிறாய்?

ஒரு காலத்தில் இந்தியா முழுக்க மந்தை மந்தையாக இருந்த மான் இது. ராஜாக்கள் பழக்கிய சிறுத்தையை ஏவி இதை வேட்டையாடினார்கள், சிவிங்கிப்புலி என்கிறோமே அதை. துரைமார்கள் துப்பாக்கியால் தீர்த்தார்கள். ஏவப்பட்ட சிவிங்கிப்புலியே 1952ல் நாட்டில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, 2022ல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி, சத்தியமங்கலம் பக்கம் என்று விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான்.

"எதைத் தொட்டாலும் சட்டம்" என்ற தம்பி மகனுக்கு: ஆமாம், சட்டம்தான். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இருக்கிறது. கொன்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் தனி. 1998ல் ஜோத்பூர் பக்கம் ஷூட்டிங் போன சல்மான் கான் மேல் இதே மானுக்காகத்தான் வழக்கு. பிஷ்னோய் கிராமத்து மக்கள் இருபது வருஷம் விடவில்லை. 2018ல் ஐந்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது, அவர் ஜாமீனில் வந்து மேல்முறையீட்டில் இருக்கிறார். அது எப்படி முடியுமோ. படிப்பறிவு அதிகம் இல்லாத கிராமத்துக்காரர்கள் கோர்ட்டுக்கு நடந்த நடையைத்தான் நான் பார்க்கிறேன். நம் குழுவில் எல்லோரும் பட்டதாரிகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். நம் ஊர் வயலோரம் நரிக்குறவர் ஒருவர் இதே கரிமருந்துத் துப்பாக்கியோடு கொக்கு, மடையான் தேடிப் போனால் நீங்கள் என்ன எழுதினீர்கள்? போன வருஷக் குழுவைத் திருப்பிப் பாருங்கள். "பிடிச்சு உள்ளே போடணும் சார்" என்று எழுதினவன் இந்த முறை நெருப்பு எமோஜி போட்டிருக்கிறான். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2023ல்தான். துப்பாக்கியைக் கீழே வை, ஊசிமணி பாசிமணி விற்றுப் பிழை என்று சொல்லி, பிழைக்க வேறு வழியைச் சரியாகக் காட்டாத சமூகம் நாம். அவர் சுட்ட மடையானை வாங்கி மிளகு போட்டு வறுத்துத் தின்ற வீடுகள் எவை என்றும் எனக்குத் தெரியும், என் வீடும் அதில் ஒன்று. நான் அவர் சுடுவதையும் ஆதரிக்கவில்லை, பறவைக்குப் பசியின் நியாயம் தெரியாது. ஆனால் ஒரே மருந்து, ஒரே புகை. பசிக்காரன் கையில் இருந்தால் குற்றம், டாலர் சம்பளக்காரன் கையில் இருந்தால் வீரம் என்றால், உங்களுக்கு நான் எந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தினேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் காலத்திலேயே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். மருந்துக் குடுவை மட்டும் பரணில் கிடந்தது. போன வாரம் இறக்கிப் பார்த்தேன், மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி மகனே, வீரத்தின் நினைவாக வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ. அந்தப் பெட்டைமானின் கதையையும் சேர்த்துத்தான் தருவேன்.

பனியில் நிற்கும் பையனுக்கு: பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருந்தாய். ஒரு நாள் எனக்காக ஒதுக்கு. அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்டிருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டியில் ஏறிக்கொள்ளலாம். விடியலில் போனால் புல்வெளியில் ஆண்மான்கள் கொம்பு மோதுவதைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் சதுப்பில் பூநாரையும் வந்திருக்கும். உன்னிடம் நல்ல பைனாகுலர் இருக்குமே, அதைக் கொண்டு வா. என்னுடையதில் ஒரு கண்ணாடி பூஞ்சை பிடித்துவிட்டது. ஸ்வெட்டர் வேண்டாம், குடை எடுத்துக்கொள். தையிலும் சில வருஷம் மழை இருக்கிறது.