பையில் ஒரு மயில் படம்

திருவாரூர் மாவட்டம் கூத்தனூரில் கோயில் கொண்டுள்ள சரஸ்வதி அம்மனின் சந்நிதியில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்து வழிபட்டு எடுத்துச் செல்வது பக்தர்களின் வழக்கம். நவராத்திரியில் ஏழைப் பிள்ளைகளுக்கு அவற்றை வாங்கித் தருவோரும் பலர். நல்ல தர்மந்தான். ஆனால் கொடுத்த பென்சில் அடுத்த வாரம் அந்தப் பிள்ளையிடம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் உள்ள கரியாலூருக்குப் படகுச் சவாரிக்கென்று செல்வோர் அதிகம். அந்த மலையின் மக்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர் செல்லும் குடும்பங்கள் அங்கே நிறைய. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்காகவே மலைக் கிராமங்களில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடைபெறுகின்றன.

அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, புத்தகப் பை, வண்ணப் பென்சில், வகுப்பு உயர்ந்ததும் கணித உபகரணப் பெட்டி என்று யாவும் விலையின்றிக் கிடைக்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எல்லார் பையும் ஒரே நிறம். எல்லார் பெட்டியும் ஒரே அச்சு. வீட்டிலிருந்து வந்து போகும் பிள்ளைக்குப் பரவாயில்லை. இரவும் பகலும் பல பிள்ளைகள் சேர்ந்து வாழும் விடுதியில் ஒருவன் காம்பஸ் இன்னொருவன் பைக்குள் போவது எளிது. காம்பஸ் இல்லாதவன் கணக்கு வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பான். ஆசிரியர் கண்ணுக்கு அவன் சோம்பேறி. பையில் அது அகப்பட்டவனுக்கோ அதைவிடக் கொடிய பெயர் கிடைக்கும். எட்டு வயதுக் குழந்தை மீது திருட்டுப் பழி விழுந்தால், அதைத் துடைக்க அருகில் தாயும் இல்லை.

பெயர் எழுதி ஒட்டலாமே எனத் தோன்றும். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது உதவாது, படம் உதவும். ஒருவனுக்கு மயில், ஒருத்திக்கு மீன், இன்னொருவனுக்கு வேல். பை, பெட்டி, நோட்டு, பெட்டி வைக்கும் அலமாரித் தட்டு எல்லாவற்றிலும் அதே படம். தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது, கற்றல் அட்டைகளில் இத்தகைய சின்னங்களே அச்சிடப்பட்டிருந்தன. சின்னத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களே அட்டையைத் தட்டிலிருந்து எடுத்தனர், தாங்களே திருப்பி வைத்தனர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் அலமாரி குழந்தையின் உயரத்திற்குத்தான் இருக்கும். கை எட்டாத இடத்தில் ஒழுங்கை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை அல்லவா?

கருவறையில் அர்ச்சகரைக் கவனித்தால் இது விளங்கும். விளக்கொளி மங்கலாயிருந்தாலும் மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம் எதையும் அவர் தேடுவதில்லை. பொருளின் இடத்தைக் கண்ணைவிடக் கை நன்கு அறிந்திருக்கிறது.

ஆகவே மலைப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கி அனுப்ப விரும்பும் பெரியவர்கள், உடன் படச் சீட்டுகளையும் துணிப் பைகளையும் சேர்த்து அனுப்பலாம். மழைக்காலத்தில் நோட்டு நனையாதிருக்கத் தடித்த பிளாஸ்டிக் உறையும் நல்லது.

தம் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது வேறு. அன்பு மிகுதியால் பாட்டியே பையை அடுக்கித் தருவது பல வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடலாம். வங்கியில் மாலையில் ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு ஒத்துப் பார்த்த பின்னரே பெட்டகத்தைப் பூட்டுவார்கள். அதுபோல, விளக்கேற்றிய பின் ஐந்து நிமிடம் பேரன் தன் பையைக் கவிழ்த்து, தானே எண்ணி, தானே அடுக்கட்டும். தாத்தா அருகில் அமர்ந்திருந்தால் போதும். ரப்பர் காணாமற்போனது அன்று மாலையே தெரிந்துவிடும், தேர்வு நாள் காலையில் அன்று.